சந்திரமதியோடு ஆடுவது எப்படி

உ

நோரிஸ் ரோடு, சிங்கப்பூர்
11-7-1958, வெள்ளி

அன்புள்ள மதலேனாவுக்கு,

சந்திரமதி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிக்கும் அளவுக்குத் தெம்பு வந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் படித்துவிட்டுக் கிழி.

திங்கட்கிழமை நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருக்கிறேன். விளக்கு எரிகிறது, "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்கிறேன். "அக்கா, நான் இஞ்ஞாசி பேசுறேன். எங்க அக்காவ ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. டைபாய்டாம். நூத்தி நாலு டிகிரி" என்று உன் தம்பி அழுகிறான். ஒரு வாரமாகவே உனக்குக் காய்ச்சல் என்றும் சொன்னான். ஒரு வாரமாகவா? அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் என் பக்கத்தில் நின்று ஆடினாயே, அப்போதும் இருந்திருக்கிறது.

ஆறு வருஷமாக நாம் பூப்பந்தில் ஜோடி. அந்த ஆறு வருஷத்தில் உன்னை நான் திட்டாத நாள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்குப் பேசியது அதிகம். முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, "காலை என்ன சிமெண்ட் போட்டு நட்டு வச்சிருக்காங்களா? நகரு லா!" என்று கத்தினேன். நீ நெற்றியைத் துடைத்துவிட்டு அடுத்த பந்துக்குப் போய் நின்றாய். மயிரிழையில் ஜெயித்தோம். நான் உனக்குக் கைகூடக் கொடுக்காமல் டிராலி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏண்டி சொல்லவில்லை? "சந்திரா, உடம்பு சரியில்லை" என்று மூன்று வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? எனக்கு உன் மேலும் கோபம் வருகிறது, என் மேலும் வருகிறது. யார் மேல் அதிகம் என்று இன்னும் முடிவாகவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தொத்து வார்டுக்குள் விடமாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததில் ஒன்பது கட்டில் தெரிந்தது, எது நீ என்று தெரியவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்துக் கையாட்டிவிட்டு வந்தேன்.

இன்னொரு விஷயம். இறுதி ஆட்டம் ஆகஸ்ட் மூன்று. இருபத்தைந்தாம் தேதிக்குள் பூப்பந்துச் சங்கத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். ஜெயிக்கிற ஜோடிதான் டிசம்பரில் சிங்கப்பூருக்காக ஆட மலாயாவில் ஈப்போவுக்குப் போகும். இதற்காக நாம் எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பூப்பந்துப் பார்ட்டித் தலைவி பூவம்மா அக்கா உன் இடத்தில் பதுருன்னிசாவைப் போடச் சொல்கிறார். "ஆடவே மாட்டேன், எதிர் ஜோடியே கப்பை எடுத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். நீ இல்லாமல் நான் கோர்ட்டில் கால் வைக்க மாட்டேன். இது சத்தியம்.

கண்ணைத் திறந்ததும் ஒரு வரி எழுது.

திட்டினவள்தான், ஆனாலும் உன்
சந்திரா


சேசு மரி சூசை துணை

தொற்றுநோய் வார்டு, கட்டில் எண் 9
17-7-1958

சந்திரா,

"அன்புள்ள" என்று இப்போதைக்குப் போடவில்லை. டாக்டர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எல்லாம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அதையே உனக்கும் வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் காகிதம் மொறுமொறு என்று இருந்தால் அப்பளம் என்று நினைத்துவிடாதே. வார்டிலிருந்து கிருமி வெளியே போகக்கூடாது என்று நர்ஸ் பிரிஜட் அக்கா ஒவ்வொரு கடிதத்தையும் விரித்து இஸ்திரி போட்டுத்தான் தபாலில் சேர்க்கிறார். அவர் நம் ஓப்பீர் ரோடு லூர்து மாதா கோவில் பங்குக்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார் என்பது உன் கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டியபோது தெரிந்தது. ஆகவே பார்த்து எழுது.

எப்படி இருக்கிறேன் என்றால், காய்ச்சல் இறங்கிவிட்டது. மாத்திரை கசப்பு. சாப்பாடு பார்லித் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், கஞ்சித் தண்ணீர். இதில் கஞ்சித் தண்ணீர்தான் விருந்து. கெட்டியாக எதையாவது விழுங்கினால் குடல் ஓட்டையாகிவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். நேற்று கனவில் தேக்கா மார்க்கெட்டில் முட்டையும் மிளகாயும் போட்டு வறுக்கிற மீ கோரிங் வந்தது. சாப்பிடுவதற்குள் எழுப்பி பார்லித் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் மூன்று பரிசோதனை தொடர்ந்து சுத்தமாக வரவேண்டும். எதைப் பரிசோதிக்கிறார்கள் என்று கேட்காதே, எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்லியிருந்தால் பதுருன்னிசாவை இறக்கியிருப்பீர்கள். அவ்வளவுதான் காரணம். அந்த இடக்கைக்காரி ஒரு வருஷமாக மாற்று ஆட்டக்காரியாக பெஞ்சில் உட்கார்ந்து என் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாவம், நல்ல பெண். அதுதான் இன்னும் பயம்.

ஆனாலும் கேள். ஆடமாட்டேன் என்று நீ செய்த சத்தியத்தை வாபஸ் வாங்கு. ஆறு வருஷம் ஓடி ஓடி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டு, ஆளில்லை என்று கதவைச் சாத்தினால் நான் படுத்திருந்து என்ன பயன்? பத்ருவோடு ஆடு. பெருந்தன்மையாகச் சொல்கிறேன், என் மனசு மாறுவதற்குள் போய்ப் பெயரைக் கொடுத்துவிடு.

மன்னிப்பு பற்றி அப்புறம்.

மதலேனா


உ

நோரிஸ் ரோடு
20-7-1958, ஞாயிறு

அன்புள்ள லேனா,

(நான் போடுகிறேன். எனக்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.)

பிரிஜட் அக்காவுக்கு என் வணக்கம். இஸ்திரி நன்றாகப் போடுகிறீர்கள். காகிதத்தில் சுருக்கம் இல்லை, எனக்குத்தான் மனசு சுருங்கிவிட்டது. "பத்ருவோடு ஆடு" என்று இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாளே என்று வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடாதே என்று நீ சண்டை போட்டிருந்தால் ஆடியிருப்பேன். ஆடு என்றதும் அழுகை வருகிறது. என்ன ஜென்மமோ நான்.

சரி, நீ சொன்னதற்காக ஒத்துக்கொண்டேன். நடந்ததைக் கேள். உனக்கு டைபாய்டு என்றதும் சுகாதார இலாகாக்காரர்கள் நம் பார்ட்டிக்கே வந்துவிட்டார்கள். அரையிறுதிக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஐஸ் பால் உருண்டை வாங்கிச் சாப்பிட்டோமே, யார் யார் என்று கேட்டு வரிசையாக நிற்கவைத்து எல்லோருக்கும் இடது தோளில் ஊசி. பூவம்மா அக்கா ஊரெல்லாம் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி, அவர்தான் ஊசியைப் பார்த்து முதலில் மயங்கி விழுந்தார். பத்ரு சமர்த்தாக இடது கையை நீட்டிவிட்டாள். இடக்கைக்காரி என்பதை யாரும் நினைக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று நாள் அந்தக் கையால் சோப்புகூட எடுக்க முடியவில்லையாம். கேட்டால், "பெரியவங்க இடது கைன்னு சொன்னாங்க, நீட்டிட்டேன்க்கா" என்கிறாள். இருபத்திரண்டு வயசு, தையல் வகுப்பு நடத்துகிறாள், இப்படியும் ஒரு மரியாதையா?

நேற்று முதல் பயிற்சி. கண்றாவி. நீ நிற்கிற பக்கத்தில் அவள் நிற்க, அவள் கை என் பக்கம் வருகிறது, என் கை அவள் பக்கம் போகிறது. மட்டையும் மட்டையும் மோதி டங்கென்று சத்தம். பந்து நடுவில் சாவகாசமாக இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பின்னால் வாங்கி அடிக்க ஆள் இல்லை. நீ எப்படி எனக்குப் பின்னால் எப்போதும் இருந்தாய்? ஆறு வருஷமாக ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை, அதனால் தெரியவில்லை.

பத்ரு என்னிடம், "மதலேனா அக்கா எப்படி ஆடுவாங்கன்னு சொல்லுங்க, அப்படியே ஆடுறேன்" என்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ டீச்சர். நீயே அவளுக்கு எழுது.

உன்
சந்திரா


சேசு மரி சூசை துணை

கட்டில் எண் 9
23-7-1958

சந்திரா,

இதோடு ஒரு தனித்தாள் இருக்கிறது. அது பதுருன்னிசாவுக்கு. நீ படிக்கக்கூடாது. மடித்தபடி கொடு. அடுத்தவர் கடிதம் படிப்பது பாவம் (பிரிஜட் அக்காவுக்கு மட்டும் விலக்கு).

மதலேனா

அன்புத் தங்கை பதுருன்னிசாவுக்கு,

சந்திரமதியோடு ஆடுவது எப்படி என்று கேட்டிருந்தாய். என்னைப்போல ஆடவேண்டாம். அவளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, வலைக்கு முன்னால் அவள் சிங்கம். அங்கே யாரும் அவளுக்கு ஈடில்லை, அந்த இடத்தை அவளுக்கே விட்டுவிடு.

இரண்டாவது, மிக முக்கியம். பந்து அவள் தலைக்கு மேல் போனால் "எனக்கு!" என்று கத்துவாள். நம்பாதே. கத்துவது வாய் மட்டும், கால் போகாது. அவள் கத்தினாலும் நீ பின்னால் ஓடி அடி.

மூன்றாவது, தப்பு அவளுடையதாக இருந்தால் உன் மட்டையைப் பார்ப்பாள். நீயும் சேர்ந்து உன் மட்டையைப் பார்க்காதே.

நாலாவது, நடுவரோடு சண்டைக்குப் போவாள். இடுப்பில் கிள்ளு. நான் கிள்ளுவேன்.

ஐந்தாவது, பதின்மூன்று புள்ளி வந்துவிட்டால் அவள் பேச்சு நின்றுவிடும், கை நடுங்கும். அப்போது மீ கோரிங் பேச்சு எடு. கரண்டிச் சத்தம், முட்டை, மிளகாய் என்று ஒவ்வொன்றாகச் சொல். கை நின்றுவிடும்.

ஆறு முதல் பத்து வரை சின்ன விஷயங்கள்: கிரிப்பில் பவுடர் கொட்டிக்கொண்டே இருப்பாள், தடுக்காதே, வழுக்காமல் நீ பார்த்துக்கொள். ஜெயிக்கும்போது சிரிக்காதே, எதிராளிக்குத் திமிர் வந்துவிடும் என்பாள். தோற்கும்போது சிரித்தால் கொன்றுவிடுவாள். தாகம் என்று சொல்லமாட்டாள், தண்ணீரை நீயே நீட்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நல்ல மனநிலை, "இந்தாம்மா" என்றால் ஜாக்கிரதை.

பதினொன்று. ஆட்டத்தில் அவள் திட்டுவதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதே. பஸ் நோரிஸ் ரோடு போய்ச் சேருவதற்குள் அவளுக்கு அழுகை வந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் ஒரு பொட்டலம் வடையோடு வந்து நிற்பாள், மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் சொல்லமாட்டாள். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம். இந்தத் தடவை அவள் வடையோடு வருவதற்குள் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

உன் அக்கா
மதலேனா


உ

நோரிஸ் ரோடு
26-7-1958

அடி பாவி,

பத்ரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள்! தமிழ் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது! தாளைப் பிரித்தாள், தலைகீழாகப் பிடித்தாள், பிறகு பணிவாக என்னிடமே நீட்டி, "அக்கா, நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

என் கதியை நினைத்துப் பார். கோர்ட் நடுவில் நின்று என் குற்றப் பத்திரிகையை நானே வாசிக்கிறேன். முதல் வரி சிங்கம் என்று இருந்ததால் குஷியாகத் தொண்டையைக் கனைத்துச் சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். அதுதான் தப்பு. நிறுத்தலாம் என்று பார்த்தால் பூவம்மா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மேலே படி லா, இப்பதான் சூடு பிடிக்குது" என்கிறார். மூன்றாவதுக்குப் பார்ட்டியே கைதட்டியது. நாலாவதுக்கு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அழகப்பன் வாயைத் திறந்து பேசி நீ பார்த்திருக்கிறாயா? அன்றைக்குப் பேசினார். "இத்தனை வருஷமா நான் சொல்லப் பயந்ததை அந்தப் புள்ள படுக்கையில இருந்து எழுதிருச்சு" என்றார். வீட்டுக்கு வந்து அவருக்கு ரசம் மட்டும் ஊற்றினேன்.

கிரிப்பில் பவுடர் கொட்டுவது ஒரு குற்றமா? வியர்க்கிறது, கொட்டுகிறேன். நான் யார் மட்டையையும் பார்ப்பதில்லை. பார்த்தால் என்ன?

பதினொன்றாவதைப் பாதியில் நிறுத்தித் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை. அன்றைக்குத் திங்கட்கிழமை நான் வடைக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தேன். உனக்கு எப்படித் தெரிந்தது?

சரி. மன்னித்துவிடு. எழுதிவிட்டேன், பார். இஸ்திரி போடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும்.

நேற்று பெயர் கொடுத்தாகிவிட்டது. சந்திரமதி, பதுருன்னிசா. உன் பெயர் இல்லாமல் அந்தப் படிவத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

உன்
சந்திரா


சேசு மரி சூசை துணை

கட்டில் எண் 9
30-7-1958

அன்புள்ள சந்திரா,

போட்டுவிட்டேன். நீ கேட்ட மன்னிப்பு வந்து சேர்ந்தது, வைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் எட்டாம் கட்டில் சீனப் பாட்டியம்மா எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று மணி அடித்துவிட்டார். இரண்டு நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்து அமுக்கினார்கள். ரசம் மட்டும் ஊற்றியது அநியாயம்.

இப்போது சிரிப்பில்லாத விஷயம். இரண்டு பரிசோதனை சுத்தமாக வந்தது. மூன்றாவதில் கிருமி இருக்கிறதாம். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியே வந்து, ஆடாவிட்டாலும் மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அதுவும் இல்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லாமல் இருந்தால் அரையிறுதியில் வாயை மூடிக்கொண்டிருந்த கதைதான் ஆகும். உன்னைப் பெருந்தன்மையாக ஆடச் சொன்னேனே, எழுதி அனுப்பிய அன்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். பரிசோதனை முடிவு வந்த நேற்று, நீங்கள் தோற்கவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். பிரிஜட் அக்கா காதில் விழுந்துவிட்டது. "மாதாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று திட்டிவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

நீங்கள் ஜெயித்தால் ஈப்போவுக்குப் போவது அவள். அடுத்த வருஷமும் ஜெயித்த ஜோடியை யாராவது பிரிப்பார்களா? டாக்டர் நவம்பர் வரை மட்டையைத் தொடக்கூடாது என்கிறார். என் கால் ஊதுவத்திக் குச்சி மாதிரி இருக்கிறது. கட்டிலிலிருந்து கதவு வரை நடந்து மூச்சு வாங்கி நிற்கிறேன். எனக்குப் பள்ளிக்கூட வேலை திரும்பக் கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும், கொட்டின முடி வளரும். உன் பின்னால் நிற்கிற இடம் கிடைக்குமா என்பதுதான் தெரியவில்லை. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

ஆகவே தோற்கவேண்டும் என்றும் நினைக்கிறேன், தோற்றால் உன்னைக் கொன்றுவிடுவேன் என்றும் நினைக்கிறேன். நீ ஜெயித்துத் தொலை. மாதாவிடம் இன்று காலை வேண்டுதலை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

பத்ருவின் அண்ணன் முகம்மது யூசுப் மண்டபத்து டெலிபோனிலிருந்து வார்டு ஆபீசுக்குப் புள்ளி சொல்ல ஏற்பாடு செய். பிரிஜட் அக்கா அன்றைக்கு விடுப்பை ரத்து செய்துவிட்டு வேலைக்கு வருகிறார். எனக்காக இல்லையாம், பட்டியலில் இரண்டாவது விஷயம் என்ன ஆகிறது என்று தெரியவேண்டுமாம்.

உன்
லேனா


உ

நோரிஸ் ரோடு
4-8-1958, திங்கள்

அன்பே, தங்கமே, என் பட்டியல் டீச்சரே,

ஜெயித்துவிட்டோம்! 6-15, 15-12, 15-13! குரல் போய்விட்டது, அதனால் எழுத்தில் கத்துகிறேன். இன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் "எந்த நம்பர்" என்று கேட்டால் தவளை கத்துவதுபோல வருகிறது. மேற்பார்வையாளர் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

முதலில் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் பட்டியலை அன்றைக்கு வாசித்தேன் அல்லவா, இரண்டாவதை மட்டும் மாற்றி வாசித்தேன். அத்தனை பேர் முன்னால் "கால் போகாது" என்று எப்படியடி வாசிப்பது? "அவள் எனக்கு என்று கத்தினால் ஒதுங்கி வழிவிடு" என்று வாசித்துவிட்டேன்.

அதன் பலன் முதல் ஆட்டத்திலேயே கிடைத்தது. எதிர்த்து ஆடின காத்தோங் பார்ட்டிப் பெண்கள் இரண்டு பேரும் பந்தை என் தலைக்கு மேலேயே தூக்கினார்கள். நான் "எனக்கு!" என்கிறேன். பத்ரு பணிவாக ஒதுங்குகிறாள். பந்து தரையில். மறுபடி "எனக்கு!" மறுபடி தரையில். பூவம்மா அக்கா பெஞ்சில் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆறு புள்ளியில் முடித்துவிட்டார்கள்.

பக்கம் மாறும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தி உண்மையைச் சொன்னேன். "மதலேனா எழுதினது வேற. நான் கத்துவேன், போகமாட்டேன். நீ ஓடி அடி." பத்ரு என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியும்க்கா. மொத நாளே பார்த்தேன், நீங்க போகல. ஆனா நீங்க படிச்சுச் சொன்னீங்களே, மீறக் கூடாதுன்னு நின்னேன்." எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "இன்னைக்கு மட்டும் மீறு லா!" என்றேன்.

மீறினாள் பார், அப்படியொரு மீறல். பின்னால் இடமும் வலமும் அவள்தான். நான் வலையை விட்டு நகரவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. என் வாய் நின்றுவிட்டது, கை நடுங்குகிறது. பின்னாலிருந்து பத்ரு, "முட்டை... மிளகாய்... கரண்டிச் சத்தம்..." என்று மந்திரம் மாதிரி சொல்கிறாள். நடுவருக்குத் தமிழ் தெரியாது, இவள் தொழுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். கை நின்றுவிட்டது. இரண்டு சர்வ், இரண்டு புள்ளி.

கப்பைக் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் ஆடினார்கள், பாடினார்கள். நான் யாருக்குக் கைகொடுக்க வேண்டுமோ அவள் அங்கே இல்லை. அரையிறுதியன்று பக்கத்தில் இருந்தும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் அழுதேன். வழக்கம்தான் என்பாய்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஈப்போவுக்குப் பெயரை நவம்பர் முடியும் வரை மாற்றலாம் என்று சங்கச் செயலாளர் தனசேகரன் சொன்னார். உன் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். பத்ருவிடமும் சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றாள். அவள் எதற்குத்தான் சரி என்று சொல்லமாட்டாள்? அந்த இடம் உன்னுடையது. நான் தருகிறேன், எடுத்துக்கொள். நீ நின்றால் போதும், ஓடவே வேண்டாம். உன் இடத்துக்கும் சேர்த்து இந்தத் தடவை நான் ஓடுகிறேன்.

உன்
சந்திரா


சேசு மரி சூசை துணை

கட்டில் எண் 9 (இன்னும் இரண்டே நாள்)
16-8-1958

அன்புள்ள சந்திராவுக்கு,

மூன்றும் சுத்தம்! திங்கட்கிழமை வீட்டுக்குப் போகிறேன். நேற்று முதல்முறையாக ஒரு இட்லி கொடுத்தார்கள். அந்த இட்லியைப் பற்றியே நாலு பக்கம் எழுதலாம், நேரமில்லை.

மூன்றாம் தேதி இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பிரிஜட் அக்கா ஆபீஸ் அறையில் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக எங்களுக்கு விரலால் புள்ளி காட்டினார். ஒன்பது கட்டிலும் எழுந்து உட்கார்ந்திருந்தது. நீங்கள் ஆறு என்றதும் எட்டாம் கட்டில் பாட்டியம்மா சீனத்தில் யாரையோ திட்டினார். பதின்மூன்று என்றதும் நான் என்னை அறியாமல் "பத்ரு, முட்டை! முட்டை!" என்று கத்தினேன். பதினைந்துக்கு விரல் போதாமல் அக்கா டெலிபோனையே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். தொத்து வார்டில் அது கூடாது. நான் சந்தோஷத்தில் அழுதேன், சந்திரா. பொறாமை எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன், அன்றைக்கு இல்லை. மறுநாள் காலையில் வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

உன் ஈப்போ ஏற்பாட்டுக்கு என் பதில்: வேண்டாம். தனசேகரனிடம் சொல்லி என் பெயரை அடித்துவிட்டு பத்ரு பெயரை எழுது. இன்றைக்கே. அந்தப் பெண் இடது தோளை நீட்டு என்றாலும் சரி என்கிறாள், இடத்தை விடு என்றாலும் சரி என்கிறாள். சரி சொல்கிறவள் என்பதற்காக அவளிடமிருந்து பிடுங்கி எனக்குத் தருவாயா? அவள் ஓடி ஜெயித்தாள். நான் நிற்கிறதற்கு ஈப்போ வரை எதற்கு, எங்கள் பஃபலோ ரோட்டு வீட்டு வாசலிலேயே நிற்கலாம்.

ஆனால் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுவிடாதே. நவம்பர் இருபத்து மூன்று, ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி, நம் பார்ட்டி கோர்ட். நீயும் பத்ருவும் ஒரு பக்கம். நானும் பூவம்மா அக்காவும் மறுபக்கம். நாங்கள் ஜெயித்தால் ஈப்போவுக்கு உன்னோடு நான் வருகிறேன். தோற்றால் ரயிலடிக்கு வந்து உங்கள் இரண்டு பேருக்கும் கையாட்டுகிறேன். பூவம்மா அக்காவுக்கும் எழுதிக் கேட்டுவிட்டேன், ஊசி இல்லையென்றால் எதற்கும் தயார் என்று பதில் போட்டிருக்கிறார். பத்ருவுக்கு இதை நீயே வாசித்துக் காட்டு, ஒரு வரிகூட மாற்றாமல். அன்றைக்கு அவள் எனக்கு ஒரு பந்துகூட விட்டுத்தரக் கூடாது என்று சொல். "சரிக்கா" என்பாள்.

பூவம்மா அக்காவுக்கு நாற்பத்தைந்து வயசு, எனக்கு இப்போது எண்பது பவுண்டு எடை. எந்தத் தைரியத்தில் கூப்பிடுகிறாள் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. உன்னைப் பற்றிப் பத்ருவுக்குப் பதினொன்று எழுதினேன். எழுத உட்கார்ந்தபோது பன்னிரண்டு இருந்தது. கடைசியாக ஒன்று, உன் ஆட்டத்தில் உனக்கே தெரியாத ஒன்று. எழுதப் போனேன், கை வரவில்லை. உன்னை முழுசாக இன்னொருத்திக்குக் கொடுத்துவிட எனக்கு மனசில்லை. அதை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அதோடுதான் வருகிறேன். அது என்ன என்று நவம்பர் வரை யோசித்துக்கொண்டிரு.

உன்
மதலேனா